கூட்டுக்கு எட்டு வேலை செய்தும் 600 மீட்டரில் மேலும் கீழும் சிதறுகிறது. எதை விட்டேன்?

நேர்கோடு

வணக்கம். சொந்தமாகத் தோட்டா நிரப்ப ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. (சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துவது.) துப்பாக்கி .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன் (கையால் போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது), கம்பெனி பேரல். 100 மீட்டரில் ஐந்து குண்டும் 20 மி.மீ. வட்டத்துக்குள் விழும். 600 மீட்டருக்குப் போனால் கதை வேறு. பக்கவாட்டில் 13 செ.மீ. அகலம்தான், அதில் எனக்குக் குறையில்லை. உயரவாட்டில் 25 செ.மீ. வரை போகிறது.

மருந்தை 0.1 கிரெயின் (சுமார் 0.0065 கிராம்) துல்லியத்தில் எடை போடுகிறேன். அதனால் சந்தேகம் பித்தளைக் கூட்டின் மேல்தான். இப்போது நான் செய்யும் வேலைகள்: எஃகு ஊசியோடு மூன்று மணி நேரம் ஈரக் கழுவல், ஃபுல் லெங்த் டையில் (முழுக் கூட்டையும் அழுத்தும் அச்சு) சைஸிங், அதாவது விரிந்த கூட்டைச் சுருக்குதல், 50.93 மி.மீ.க்கு டிரிம் (நீளத்தை வெட்டுதல்), வாய் உள்ளும் புறமும் சேம்ஃபர் (விளிம்பைச் சாய்வாகச் சீவுதல்), பிரைமர் குழியைச் சீராக்குதல், ஃபிளாஷ் ஹோலின் (பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் துளை) உள் பிசிறு நீக்குதல், எடை பார்த்துப் பிரித்தல், கடைசியில் ஒரு பாலிஷ். மொத்தம் எட்டு. கூடுகள் ஏழு முறை சுட்டவை, இரண்டு லாட் (தயாரிப்புத் தொகுதி) கலந்தவை.

அடுத்து கழுத்தை (குண்டைப் பிடிக்கும் குறுகிய வாய்ப்பகுதி) வெளியே சீவிச் சமனாக்கும், அதாவது கடையும் கருவி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாங்கினால் இந்த உயரச் சிதறல் அடங்குமா?

பித்தளைப்பித்தன்

வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். கழுத்துச் சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் குண்டு எப்படி நேராக உட்காரும்? நான் 100 கூடு வாங்கினால் அளந்து அளந்து 60தான் தேறும். மீதி பயிற்சிக்கு. எடைப் பிரிப்பையும் இன்னும் இறுக்குங்கள். எனக்கு ஒரு கூட்டைத் தயார் செய்ய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகிறது, அதில் ஒரு நிமிடம்கூட வீண் என்று தோன்றியதில்லை.

கடைசல்காரன்

கருவி இருக்கட்டும் நண்பரே, முதலில் ஒரு கேள்வி. சைஸ் பண்ணும்போது தோள் (கழுத்துக்குக் கீழே கூடு குறுகும் சரிவு) எவ்வளவு பின்னால் போகிறது? எட்டு வேலை சொன்னீர்கள், அந்த எண் மட்டும் எங்கேயும் இல்லை.

காலிப்பரில் (நீளம் அளக்கும் கருவி) மாட்டும் தோள் கம்பாரட்டர் (தோள்வரை அளக்க உதவும் துண்டு) இருந்தால் இப்படிப் பாருங்கள். சுட்ட கூடு பத்தை எடுத்து பிரைமரைக் கழற்றுங்கள். பிரைமரோடு அளந்தால் அதன் மேடு பள்ளம் கணக்கைக் கெடுக்கும். அடியிலிருந்து தோள் வரை அளந்து எழுதுங்கள். சைஸ் பண்ணிவிட்டு அதே பத்தை மறுபடி அளங்கள். காலிப்பர் காட்டும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. போல்ட் ஆக்‌ஷனுக்கு ஒரு தௌவிலிருந்து இரண்டு தௌ போதும். (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு தௌ என்றால் 0.05 மி.மீ.) தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் வகைக்கு மூன்று நான்கு தேவைப்படும்.

டையை எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நேர்கோடு

ஷெல் ஹோல்டரை (கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு) தொடும்வரை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று. டையோடு வந்த தாளில் அப்படித்தான் இருந்தது.

பத்தை அளந்தேன். நேற்று இரவு தூக்கம் போனது. குறைந்தது 2 தௌ, அதிகம் 7 தௌ. ஒரே டை, ஒரே நாள், ஒரே கை. எப்படி?

கடைசல்காரன்

உங்கள் சிதறலில் பாதி அந்த 2க்கும் 7க்கும் நடுவில் இருக்கிறது என்பது என் ஊகம்.

தாளில் உள்ளது பொய் இல்லை. எந்தத் துப்பாக்கியிலும் போய் உட்கார வேண்டும் என்பதற்காக எழுதியது அது. உங்கள் சேம்பருக்காக (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) யாரும் தாள் அச்சடிப்பதில்லை. கால் சுற்றைத் திருப்பி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இரண்டு தௌ வரும் இடத்தில் பூட்டுங்கள். 7 தௌ பின்னால் தள்ளிய கூடு சுடும்போது அந்த 7 தௌவும் மறுபடி நீள வேண்டும். நீளுவது அடிக்குச் சற்று மேலே, கனத்த பகுதி முடிந்து சுவர் மெலியத் தொடங்கும் இடத்தில். நாலைந்து முறை இப்படி இழுபட்டால் அங்கே உள்பக்கம் ஒரு பள்ளம் விழும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். தெரியாமலும் இருக்கும். மெல்லிய கம்பியின் நுனியைச் சின்னதாக மடித்து உள்ளே விட்டுச் சுவரோடு உரசி மேலே இழுங்கள். பள்ளம் இருந்தால் நுனி டக்கென்று மாட்டும். மாட்டிய கூட்டை நசுக்கித் தூக்கிப் போடுங்கள், பக்கத்தில் வைத்தால் எப்படியோ திரும்பக் கலந்துவிடும். ஏழு முறை சுட்டவை என்கிறீர்கள், இன்றைக்கே எல்லாவற்றையும் பாருங்கள்.

இனி, ஒரே டையில் ஏன் 2ம் 7ம்? தோட்டாப் பித்தளை என்பது 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். வளைக்க வளைக்க அது விறைக்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் மடக்கிய இடம் விறைத்துப் பிறகு ஒடிகிறதே, அதேதான். சுடும்போது கழுத்தும் தோளும் விரிகின்றன, டையில் சுருங்குகின்றன, எக்ஸ்பாண்டர் பந்து (டைக்குள் இருக்கும், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை) வெளியே வரும்போது கழுத்து மறுபடி விரிகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று மடக்கு, ஏழு சுற்றுக்கு இருபத்தொன்று. விறைத்த பித்தளை டையை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங் போலப் பழைய இடத்துக்குக் கொஞ்சம் திரும்பும். அதிகம் விறைத்தது அதிகம் திரும்பும், குறைவாக விறைத்தது டை சொன்ன இடத்திலேயே நிற்கும். இரண்டு லாட் கலந்திருக்கிறீர்கள், எல்லாம் ஒரே அளவு விறைத்திருக்க வாய்ப்பே இல்லை.

கழுத்திலும் இதே கூத்துதான். ஒரு கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று லேசாக. குண்டு வேறு வேறு விதமாக விடுபட்டால் அழுத்தம் ஏறும் விதமும் மாறும், வேகமும் மாறும். வேக வித்தியாசம் 100 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாது. 600 மீட்டரில் உயரவாட்டில் மட்டும் தெரியும். உங்கள் இலக்கு அட்டை சொல்வதும் அதைத்தானே?

அனீலிங் (சூடேற்றி விறைப்பை இளக்குதல்) பண்ணுங்கள். கடைசல் கருவிக்கு வைத்திருக்கும் காசு அதற்குப் போகட்டும். தொழிலே கடைசல் என்று இருக்கிற நான் சொல்கிறேன்.

காலைவெயில்

இந்தப் பேச்சில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பித்தளைக்கு ‘பருவ வெடிப்பு’ என்று ஒரு நோய் உண்டு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாமலே கூடுகள் விரிசல் விட்டிருந்தன. மழைக்காலத்தில் வந்ததால் அந்தப் பெயர். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், கூட்டைச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிப்போன இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளக்கினார்கள். அம்மோனியா மட்டும் இருந்தால் வெடிக்காது, இழுவிசை மட்டும் இருந்தாலும் வெடிக்காது.

குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் விறைத்த கழுத்து என்பது இழுவிசை தங்கிய பித்தளைதான். ஆகவே நேர்கோடு, அந்த எட்டாவது வேலையாகப் பாலிஷ் என்று எழுதினீர்களே, அதில் அம்மோனியா இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பித்தளைச் சாமான் பாலிஷ்கள் பலவற்றில் இருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறினால் அதைக் கூட்டின் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

நேர்கோடு

மூக்கில் ஏறுகிறது. வேலை ஏழாகக் குறைந்தது.

கம்பி விட்டுப் பார்த்ததில் 140இல் 11 மாட்டியது. நசுக்கியாயிற்று. ஒன்றை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே நகத்தால் கீறியது போல் சுற்றிலும் ஒரு கோடு. அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டிருக்கிறேன் என்று நினைத்தால் கொஞ்சம் நடுங்குகிறது.

அனீலிங் பற்றி: எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி ஓவனில் வைத்தால் ஒரே சீராக வருமே, அது சரியா?

கடைசல்காரன்

கூடாது. கூடவே கூடாது.

காலைவெயில்

காரணமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது ஒருவர் செய்து பார்ப்பார். கூட்டின் அடிப்பகுதி விறைப்பாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. தொழிற்சாலையில் அதைச் சூடில்லாமல் அடித்து அடித்து அப்படி ஆக்குகிறார்கள். .308க்கு உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. சேம்பருக்குப் பின்னால், சுற்றிலும் எஃகு தாங்காமல் நிற்கும் கொஞ்சம் இடத்தில் அந்த அழுத்தத்தைத் தாங்குவது அந்த விறைப்பு மட்டும்தான். முழுக் கூட்டையும் சூடேற்றினால் அடியும் இளகும். இளகியதை மறுபடி விறைப்பாக்க வீட்டில் வழியே இல்லை. சுட்டால் அடி பிதுங்கி வாயு உங்கள் முகத்துக்கு வரும். குறைந்த சூட்டில் வைத்தால் ஒன்றும் ஆகாதே என்று கேட்காதீர்கள். அந்தச் சூட்டில் கழுத்துக்கும் ஒன்றும் ஆகாது, நீண்ட நேரம் விட்டால் அடிக்கும் ஆபத்து.

சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும், சில வினாடிகள் மட்டும். அடிக்குச் சூடு பரவுமுன் வேலை முடிய வேண்டும். வெப்பம் காட்டும் பூச்சு கிடைக்கும். குறித்த வெப்பத்தில் உருகும். 400 டிகிரி செல்சியஸ் பூச்சைக் கழுத்தின் உள்ளேயும், 230 டிகிரி பூச்சைத் தோளுக்குச் சற்றுக் கீழேயும் தடவி, வீணாய்ப்போன கூடுகளில் முதலில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உருக வேண்டும், கீழே உருகக் கூடாது. நேரம் கிடைத்ததும் அதை மாற்றாதீர்கள். துரப்பணத்தில் சாக்கெட் மாட்டி, கூட்டை அதில் நிறுத்தித் தீயில் சுழற்றுவது எளிய வழி. தட்டு சுற்றும் இயந்திரம் அதைவிடச் சீர். மின்தூண்டல் முறை எல்லாவற்றிலும் சீர், விலையும் அப்படி.

பிரைமர் கழற்றிய, மருந்தில்லாத வெறும் கூடு மட்டுமே தீக்குப் போக வேண்டும். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன், ஆனால் பிரைமரோடு செய்தவரை எனக்கு நேரில் தெரியும்.

பித்தளைப்பித்தன்

நான் இருட்டில் வைத்து லேசாகச் செந்நிறம் ஒளிரத் தொடங்கும்போது எடுத்துவிடுவேன். எடுத்ததும் தண்ணீரில் போடுவேன், அப்போதுதான் இளகும்.

கடைசல்காரன்

முதலாவது ஒத்துக்கொள்ளலாம், கண் பழகியிருந்தால். வெளிச்சத்தில் சிவப்பு தெரிகிற அளவு விட்டால் அதிகம். கழுத்து ஈயம் மாதிரித் தளர்ந்து குண்டையே பிடிக்காது.

இரண்டாவது தவறு. தண்ணீரில் போட்டால் எஃகுதான் விறைக்கும். பித்தளையை வேகமாக ஆற வைத்தாலும் மெதுவாக ஆற வைத்தாலும் ஒன்றே. தண்ணீர் கை சுடாமல் இருக்கவும், சூடு கீழே இறங்காமல் தடுக்கவும் மட்டும். அதன் விலை, பிறகு 100 கூட்டை உலர்த்தும் வேலை. நான் உலர்ந்த தட்டில்தான் போடுகிறேன்.

எண்ணிப்பார்

எடைப் பிரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பித்தன் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு சின்னக் கணக்கு.

நமக்கு வேண்டியது உள்ளே உள்ள இடம். எடையைப் பார்ப்பது, அந்த இடத்தை மறைமுகமாக ஊகிப்பதற்கு. வெளி அளவு சமமாக இருந்தால், கனமான கூட்டுக்குள் இடம் குறைவு, சரி. எவ்வளவு குறைவு? பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 8.5 கிராம். இரண்டு கூடுகளுக்குள் 0.2 கிராம் எடை வித்தியாசம் என்றால், அது முழுவதும் உள்சுவரில் இருந்தால்கூட 0.024 கன செ.மீ.தான். .308 கூட்டுக்குள் மொத்தம் சுமார் 3.6 கன செ.மீ. கொள்ளும். ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த 0.2 கிராம் எக்ஸ்ட்ராக்டர் பள்ளம் (கூட்டை வெளியே இழுக்க அடியைச் சுற்றியுள்ள பள்ளம்) வெட்டியதில் வந்த வித்தியாசம் என்றால் உள்ளிட வித்தியாசம் சுழி.

உறுதியாகத் தெரிய வேண்டுமா, சுட்ட கூட்டில் பழைய பிரைமரை விட்டுவைத்துத் தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள். ஒரு சொட்டு சோப்பு விட்டால் நீர்மட்டம் வாயில் குமிழாக நிற்காது. பத்து கூட்டில் ஒரு மாலை செய்து பார்த்தாலே எடைக்கும் கொள்ளளவுக்கும் உறவு எவ்வளவு தளர்வு என்று தெரியும். ஒரே லாட்டில் எடைப் பிரிப்பு நேர விரயம். வேறு வேறு லாட்டையும் கம்பெனியையும் கலப்பதுதான் பெரிய தவறு.

பித்தளைப்பித்தன்

கோபமில்லை. ஆனால் கூட்டத்தில் தனியாக நிற்கும் ஒன்றை, எல்லாவற்றையும் விட அரை கிராம் கூடுதலாக இருப்பதை, எடைதானே காட்டிக்கொடுக்கிறது? தண்ணீர் ஊற்றி 100 கூட்டைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

எண்ணிப்பார்

அதற்குச் சரி. ஊரை விட்டு விலகிய ஒன்றைப் பிடிக்க எடை போதும். மீதியை ஐந்து டப்பாவாகப் பிரிப்பதுதான் வேண்டாம் என்கிறேன்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு நினைவூட்டல்: மருந்தின் அளவுகளை இங்கே எழுத வேண்டாம், தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம். மருந்துக் கம்பெனியின் கையேடுதான் அதற்கு இடம். நிரப்புவதற்கு உரிமம் தேவையா என்பதையும் அவரவர் இருக்குமிடத்துச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இராணுவக் கூடுகளைப் பயன்படுத்துவோருக்கு: அவற்றின் சுவர் பெரும்பாலும் தடிமன், உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். கூடு மாறினால் கீழிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அறுநூறான்

இராணுவக் கூடு என்றதும் ஞாபகம் வந்தது. அவற்றில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை அழுத்திப் பூட்டியிருப்பார்கள். பழைய பிரைமர் கழன்றுவிடும், புதியது போகாது. அந்த விளிம்பை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தித் தள்ளியோ) சீவியோ எடுக்க வேண்டும். கழற்றும் ஊசி உடைந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள், நடுவில் ஒரு துளைக்குப் பதில் ஓரத்தில் இரண்டு சின்னத் துளை இருந்தால் அது பெர்டான் வகை. பெர்டான் அமெரிக்கர், அவர் முறை ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸர் ஆங்கிலேயர், அவர் முறையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. நமக்கு வேண்டியது நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர்.

நேர்கோடு கேட்டதற்கு வருகிறேன். டிரிம்மை சைஸிங்குக்குப் பிறகு செய்கிறீர்களா, முன்னாலா? டையில் கூடு நீளும். பின்னால்தான் செய்ய வேண்டும். .308க்கு உச்ச நீளம் 51.18 மி.மீ. தாண்டினால் வாய் சேம்பரின் முடிவில் முட்டி, குண்டைக் கவ்விக்கொள்ளும், விடாது. அது துல்லியப் பிரச்சினை இல்லை, அழுத்தப் பிரச்சினை.

பிரைமர் குழி, ஃபிளாஷ் ஹோல் இரண்டும் கூட்டின் ஆயுளில் ஒரு முறை செய்தால் போதும். துளையைக் குத்தி எடுக்கும்போது உள்பக்கம் பிசிறு நிற்கும், அதைச் சீவிவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு முறையும் கருவியை விட்டுத் திருகினால் துளை பெருகும்.

நேர்கோடு

ஒவ்வொரு முறையும் திருகினேன். வேலை ஐந்தாகக் குறைந்தது என்று நினைக்கிறேன், கணக்கு தப்புகிறது.

காலைவெயில்

எஃகு ஊசிக் கழுவலையும் ஒரு சொல் சொல்லட்டுமா? மூன்று மணி நேரம் என்றால் வாய்கள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு மழுங்கிச் சுருளும். அதைச் சேம்ஃபரில் சீவி எடுக்கிறீர்கள், அடுத்த முறை மறுபடி சுருளும். அதைவிட முக்கியம், கழுத்தின் உள்ளே சுட்ட கரி ஒரு மெல்லிய படலமாக இருக்கும். அது குண்டு உட்காரும்போது மசகு மாதிரி. ஊசி அதையும் துடைத்துவிடுகிறது. வெறும் பித்தளையில் வெறும் குண்டு ஏறும்போது ஒன்று வழுக்கும், இன்னொன்று கிறீச்சிடும். நைலான் பிரஷ்ஷால் கழுத்தின் உள்ளே இரண்டு இழுப்பு, வெளியே துணியால் ஒரு துடைப்பு, எனக்கு அவ்வளவுதான். ஊசியே வேண்டும் என்றால் கழுத்துக்குள் கிராஃபைட் தூள் தொட்டு எடுங்கள்.

சோளச்சக்கைத் தூளில் உலர் உருட்டல் செய்பவர்கள் பலர் உண்டு, தப்பில்லை. ஆனால் அதன் தூசியில் பிரைமரின் ஈயம் இருக்கும். மூடியை வீட்டுக்குள் திறக்காதீர்கள். சலிப்பது வெளியே, முகமூடியோடு. குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். கை கழுவாமல் வாயில் எதுவும் வைக்காதீர்கள்.

அறுநூறான்

பளபளப்பு நமக்குத்தான். எதிரே இருக்கிற அட்டைக்குத் தெரியாது.

பித்தளைப்பித்தன்

எனக்குத் தெரியும். அது போதும்.

புதுக்கை

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். இழையைப் படித்துவிட்டு உற்சாகத்தில் கூட்டை நன்றாகச் சுத்தம் செய்து டையில் விட்டேன். பாதியில் நின்றுவிட்டது. கைப்பிடியை அழுத்தி இழுத்ததில் விளிம்பு பிய்ந்து கூடு டைக்குள்ளேயே இருக்கிறது. மசகு போட மறந்துவிட்டேன். டை போச்சா?

கடைசல்காரன்

வாருங்கள், சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்கள். இங்கே இருக்கும் எல்லோரும் ஒரு முறை செய்ததுதான், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

டை போகவில்லை. எக்ஸ்பாண்டர் தண்டை முடிந்தவரை மேலே தளர்த்துங்கள். கூட்டின் அடியில் நடுவாகத் துளை போட்டு மரை வெட்டி, ஒரு போல்ட்டைத் திருகுங்கள். டையின் வாயில் ஒரு சாக்கெட்டை வைத்து, அதன் மேல் வாஷர் போட்டு, நட்டை இறுக்கினால் கூடு மெல்ல வெளியே வரும். இதற்கென்றே தனிப் பெட்டியும் விற்கிறார்கள். துளை போடும்போது டைக்குள் கீறாமல் பாருங்கள், அது மட்டும் போதும்.

இனிமேல் லானோலினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளித்து, ஆல்கஹால் பறக்கும்வரை ஐந்து நிமிடம் விட்டு, அப்புறம் டைக்குப் போங்கள். தோளில் குளமாகத் தேங்கவிட்டால் தோளில் குழி விழும். அளவாக.

எண்ணிப்பார்

கழுத்துக்கு வருவோம், கடைசல் கருவியில் தொடங்கிய இழை இது. எக்ஸ்பாண்டர் பந்து மேலே இழுபடும்போது கழுத்தையும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வரும். குறிப்பாக உள்ளே மசகு இல்லை என்றால். தோட்டாவை உருட்டி டயல் காட்டியில் பார்த்தால் குண்டு ஆடுவது தெரியும். பந்தைக் கழற்றிவிட்டு, சைஸிங்குக்குப் பின் தனியாக ஒரு மேன்ட்ரலை (வழவழப்பான உருளைத் தண்டு) கீழ்நோக்கித் தள்ளுங்கள். இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் பெரிய வித்தியாசம். எனக்கு ஆட்டம் நான்கு தௌவிலிருந்து ஒன்றரைக்கு வந்தது.

பித்தளைப்பித்தன்

சரி, மேன்ட்ரல் உட்பக்கத்தை வட்டமாக்கிவிடும், ஒப்புக்கொள்கிறேன். சுவர்த் தடிமன் சமமில்லாதது அப்படியே இருக்கிறதே? உள் வட்டம் சரியானால் மேடு வெளியே போகும். சேம்பரில் அந்த மேடு ஒரு பக்கம் சாய்க்கும். கடைந்தால்தான் தீரும்.

கடைசல்காரன்

சாய்க்கும், கொஞ்சம். ஆனால் நேர்கோடு வைத்திருப்பது கம்பெனி சேம்பர். அதன் கழுத்து ஏற்கெனவே தாராளம். கடைந்து சுவரை மெலிதாக்கினால் சுடும்போது இன்னும் அதிகம் விரியும், டையில் இன்னும் அதிகம் சுருங்கும், அதாவது இன்னும் சீக்கிரம் விறைக்கும். எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அதையே வளர்க்கிறோம். இறுக்கமான கழுத்தோடு வெட்டிய சேம்பருக்குக் கடைசல் கட்டாயம். அங்கே கடையாத தோட்டாவின் கழுத்து விரிய இடமில்லாமல் போனால் ஆபத்தே. 6 மி.மீ. PPC மாதிரி பெஞ்ச்ரெஸ்ட் (மேசையில் துப்பாக்கியை ஊன்றிச் சுடும் போட்டி) கூடுகளில் கடைசல் பழக்கமானது அதனால்தான்.

பித்தளைப்பித்தன்

மேடுகளை மட்டும் தொட்டு, பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும்படி மேலோட்டமாகக் கடையலாமே? சுவர் அதிகம் மெலியாது. தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் உள்ளே வளையமாகத் தடிப்பு வளருமே, கடைசலைத் தோளின் தொடக்கம்வரை கொண்டுபோனால் அதுவும் தள்ளிப்போகும். குண்டின் அடி அந்தத் தடிப்பில் உட்கார்ந்தால் மேன்ட்ரலும் அனீலிங்கும் சேர்ந்து என்ன செய்துவிடும்?

கடைசல்காரன்

அந்தத் தடிப்பு விஷயம் நியாயம். அதில் உங்களோடு சண்டை இல்லை. வரிசையில்தான் சண்டை. நீங்கள் முதலில் வைப்பதை நான் கடைசியில் வைக்கிறேன்.

எண்ணிப்பார்

சண்டையை அட்டையில் தீர்க்கலாம், ஆனால் எத்தனை குண்டு சுட்டு? ஐந்து குண்டின் வேகத்தை குரோனோகிராஃபில் (வேகம் அளக்கும் கருவி) பார்த்து, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) வினாடிக்கு 4 மீட்டர் என்று வந்தால், உண்மையான விலக்கம் 2.4இலிருந்து 11.5 வரை எங்கேயும் இருக்கலாம் (95 சதவீத நம்பிக்கையில்). அவ்வளவு அகலம். இருபது குண்டு சுட்டு 4 வந்தால் 3.0இலிருந்து 5.8. கொஞ்சம் பேசலாம். ஐந்து ஐந்தாகச் சுட்டு ‘அனீலிங் வேலை செய்தது’, ‘கடைசல் வேலை செய்தது’ என்று எழுதும் எவரையும் நான் நம்புவதில்லை, என் பழைய நோட்டுப் புத்தகம் உட்பட.

நேர்கோடு, ஒரே லாட்டில் 40 கூடு எடுங்கள். இருபதைப் பழைய முறையில், இருபதைப் புதிய முறையில். மருந்து, பிரைமர், குண்டு எல்லாம் ஒரே பெட்டி. ஒன்று விட்டு ஒன்றாகச் சுடுங்கள், பேரல் சூடாவதும் உங்கள் கை களைப்பதும் இரண்டுக்கும் சமமாக விழட்டும்.

நேர்கோடு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்குக் காரணம் காற்று.

பழைய முறை 20: கால் சுற்று இறக்கிய டை, எக்ஸ்பாண்டர் பந்து, அனீலிங் இல்லை, ஊசிக் கழுவல். புதிய முறை 20: தீயில் 6 வினாடி (பூச்சு வைத்து என் தீக்குக் கண்டது, மற்றவர்கள் அப்படியே எடுக்க வேண்டாம்), தோள் 2 தௌ, பந்துக்குப் பதில் மேன்ட்ரல், பிரஷ் மட்டும். கம்பி எதிலும் மாட்டவில்லை என்று இரண்டு முறை பார்த்தேன். சைஸ் பண்ணிய பின் தோள் அளவு பழையதில் 5 தௌவுக்குப் பரவியது, புதியதில் ஒன்றுக்குள்.

வேகத்தின் திட்ட விலக்கம்: பழையது வினாடிக்கு 7.0 மீட்டர், புதியது 4.6. 600 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டதில் உயரம் பழையது சராசரி 25 செ.மீ., புதியது 18. பக்கவாட்டில் மாற்றமே இல்லை. 100 மீட்டரிலும் மாற்றமே இல்லை.

ஒரு கூட்டுக்கு ஆகும் நேரமும் பாதியாகிவிட்டது. கடைசல் கருவி வாங்கவில்லை.

அறுநூறான்

கணக்கு பொருந்துகிறது. உங்கள் குண்டு 600 மீட்டருக்குள் 4 மீட்டர் சொச்சம் விழும். வேகம் 1 சதவீதம் குறைந்தால் வீழ்ச்சி 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதாவது 8, 9 செ.மீ. விலக்கம் 7இலிருந்து 4.6க்கு வந்ததற்கு அட்டையில் இவ்வளவுதான் குறைய முடியும். மீதி 18, இன்னும் இருக்கும் வேக வித்தியாசத்துக்கும் துப்பாக்கிக்கும் உங்களுக்கும் சொந்தம்.

எண்ணிப்பார்

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இனி நான் எல்லோருக்கும் பிடிக்காத ஆளாகிறேன். இருபதுக்கு இருபது ஒப்பிடும்போது, தற்செயல் இல்லை என்று சொல்ல விலக்கங்களின் விகிதம் ஏறக்குறைய 1.6 இருக்க வேண்டும். உங்களுடையது 7.0க்கு 4.6, அதாவது 1.52. வாசல்படியில் நிற்கிறது, உள்ளே வரவில்லை. தோள் அளவு 5 தௌவிலிருந்து ஒன்றுக்கு வந்தது மட்டும் சந்தேகமே இல்லாதது. அதோடு நான்கு மாற்றத்தை ஒன்றாகச் செய்திருக்கிறீர்கள், எது வேலை செய்தது என்று இதிலிருந்து தெரியாது.

நேர்கோடு

இன்னொரு இருபதுக்கு இருபது சுட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

எண்ணிப்பார்

அதே பக்கம் சாய்ந்தால் ஒத்துக்கொள்கிறேன். இந்த முறை மேன்ட்ரலையும் பிரஷ்ஷையும் இரண்டுக்கும் பொதுவாக வைத்து, அனீலிங்கை மட்டும் ஒரு பக்கம் நிறுத்துங்கள். டையை அந்தந்தப் பக்கத்துக்கு 2 தௌ வரும்படி தனித்தனியாகப் பூட்டுங்கள்.

பித்தளைப்பித்தன்

அதே நாளில் மூன்றாவதாக இருபது, மேலோட்டமாகக் கடைந்தது. கருவி என்னிடம் இருக்கிறது. கூட்டை அனுப்புங்கள், நானே கடைந்து தருகிறேன்.

கடைசல்காரன்

பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் சரி.

பித்தளைப்பித்தன்

உறுதி சொல்ல முடியாது.

நேர்கோடு

60 கூட்டை ஒரே லாட்டில் எண்ணி எடுத்து வைத்துவிட்டேன். காற்று அடங்கியதும் எழுதுகிறேன்.